ஒரு மணி இருபது நிமிடத் தூரம்

சின்னவள் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஏறப் போகிறவர்களை வழியனுப்பக்கூடப் போனதில்லை. ஆனால் உலகத்தில் எந்த இரண்டு ஊர்களைச் சொன்னாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறந்தால் எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுப்பதுதான் அவளுக்குச் சோறு போடுகிற வேலை. ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஆபீஸ். கீழே பல்லைக் குடைகிற சத்தம், மேலே கீபோர்டைத் தட்டுகிற சத்தம். இரண்டில் எது அதிகம் வலிக்கும் என்று சொல்வது கஷ்டம்.

இணையத்தில் யாரோ ஒருவர் இரண்டு ஊர்ப் பெயர்களைப் போட்டுத் தூரம் தேடுவார். அவருக்கென்று ஒரு பக்கம் தயாராக இருக்க வேண்டும். மெஷின் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நேர்கோடு இழுக்கும், அதை விமானத்தின் வேகத்தால் வகுக்கும், ஏற இறங்க என்று அரை மணி சேர்க்கும். அந்த எண்ணைச் சுற்றி நாலு பத்தி எழுதி 'இனிமையான பயணம்' என்று முடித்து வைப்பது மனிதர்களின் பங்கு. அந்த ஊரில் விமான நிலையம் உண்டா, விமானம் போகிறதா என்பதெல்லாம் மெஷினின் கவலை இல்லை. படகே நிற்காத தீவுக்கும் அது பறக்கும் நேரம் சொல்லும், ஆடு மட்டும் மேய்கிற மலைக்கும் சொல்லும். ஆபீஸில் இது ஒரு பழைய ஜோக். "என் சீட்லேருந்து பாத்ரூமுக்குப் பறக்கற நேரம் முப்பது நிமிஷம்" என்பான் பக்கத்து சீட்டுக்காரன், அந்த ஏற இறங்க அரை மணியைச் சேர்த்து.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தச் சுரைக்காயை நம்பித்தான் அவள் வீட்டில் உலை வைத்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சின்னவள் இந்த வேலையில் சேர்வதற்கும் முன்னால், அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை குளிர்பதனக் கிடங்கில் மேனேஜர். நல்ல சம்பளம், சொந்த வீடு. ஊர்தான் மலைக்கு அந்தப் பக்கம். அம்மாவுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு தூரத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டு நாளைக்கு ஒன்று என்றால் எப்படிப் போவது என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது மாமா தன் போனை எடுத்தார்.

மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். பழைய கார் புரோக்கர். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த வண்டியைக்கூட வாங்குகிறவர் கண்ணுக்கு அறுபதாயிரமாகக் காட்டத் தெரிந்தவர். அப்பா போன பிறகு அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணி அறையில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதனால் அந்த வீட்டில் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"இதோ பாரு, போன்லயே போட்டிருக்கான். ஒரு மணி இருபது நிமிஷம். நீ ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறிப் போற நேரம்கூட இல்ல. கூப்பிட்ட குரலுக்கு வந்துடலாம்மா."

அம்மா அந்தப் பக்கத்தைத் தானும் ஒருமுறை படித்தாள். எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருப்பதை அம்மா சந்தேகப்படுவதில்லை. கல்யாணம் இங்கேயே நடந்தது, சீர்ச் சாமான் நிறைய இருக்கிறது என்று ரயிலிலேயே அக்கா மலைக்கு அந்தப் பக்கம் போனாள்.

போன வருடம் மழைக்காலத்தில் அக்கா ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டாள். காய்ச்சல் நூற்று நாலு, எழுந்து நிற்க முடியவில்லை, வீட்டில் யாரும் இல்லை என்றாள். அம்மா மாமாவிடம் ஓடினாள். "நாளைக்குக் காலைல முதல் ஃப்ளைட்ல ரெண்டு பேரும் போறோம்" என்றார் மாமா. மறுநாள் காலை, "சீட் இல்லையாம்மா, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அதற்கு மறுநாளும் சீட் இல்லை. அம்மா ஐந்து நாள் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். ஆறாம் நாள் அக்காவே போன் செய்து, காய்ச்சல் விட்டுவிட்டது, வர வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தால் அக்கா நிற்கிறாள். கையில் ஒரு கைப்பை, காலில் செருப்பு இல்லை. மூன்று நாள் தூங்கினாள், சாப்பிட்டாள், தூங்கினாள். நாலாம் நாள் தங்கையிடம் மட்டும் சொன்னாள். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவானாம். போனையும் எடுத்துக்கொண்டு போவானாம். காய்ச்சலில் கிடந்த அன்று அவன் போனை மறந்து வைத்துவிட்டுப் போனதால்தான் கூப்பிட முடிந்ததாம். ஆறாம் நாள் வர வேண்டாம் என்று பேசியது அவன் பக்கத்தில் நிற்கும்போதாம். இந்த முறை சமையலறைக் குழாய் ஒழுகி, மாப்பிள்ளை சாவி கொடுத்து அனுப்பிய ரிப்பேர்காரன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பைப்பு எடுக்கக் கீழே போயிருக்கிறான். அவள் அப்படியே இறங்கி நடந்துவிட்டாள்.

"ஏன்க்கா ரெண்டு ராத்திரி ரயில்ல வந்தே? கையில வளையல் இருந்துச்சு, வித்துட்டு ஃப்ளைட்ல வந்திருக்கலாமே" என்று கேட்டாள் சின்னவள்.

அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள். "ஏது ஃப்ளைட்டு? ஒரு வளையலை வித்துட்டு முதல்ல டிக்கெட் கடைலதான் போய் நின்னேன். அந்தாளு என்னை மேலயும் கீழயும் பார்த்தான். இங்கேருந்து அங்க என்னைக்கும்மா ஃப்ளைட் விட்டாங்கன்னு கேட்டான்."

மறுநாள் ஆபீஸில் சின்னவள் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். எழுநூறு கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிடம். மாமா காட்டிய அதே பக்கம், அவள் ஆபீஸ் பக்கம். கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் அவளுடைய ஊழியர் எண்ணே இருந்தது. போன வருடம் பழைய பக்கங்களை மெருகேற்றச் சொல்லிக் கட்டுக்கட்டாகக் கொடுத்தபோது, ஊர்ப் பெயரைக்கூடப் பார்க்காமல் 'இனிமையான' என்ற வார்த்தையைச் செருகிச் செருகித் தள்ளியிருக்கிறாள். சொந்த அக்கா இருக்கிற ஊர் கண் முன்னால் போனதுகூடத் தெரியவில்லை. அவளுக்குத் தன் மேலேயே வந்த கோபத்தில் காது சூடாயிற்று. எல்லா விமானக் கம்பெனிகளின் அட்டவணைகளையும் ஒன்று விடாமல் பார்த்தாள். அந்த வழியில் எந்தக் காலத்திலும் ஒரு விமானமும் போனதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா நம்பவில்லை.

"அண்ணா ஏன்டீ பொய் சொல்லப் போறாரு? நான் என் கண்ணால படிச்சேன். நீயே அதை எழுதற ஆபீஸ்லதானே இருக்கே?"

அதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து செய்தி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையின் சித்தப்பா வருகிறார். பேசி முடித்து, சாயங்கால ரயிலில் பெண்ணைக் கூட்டிப் போவார். மாமா எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லியாயிற்று. அவன் பூட்டி வைத்ததைச் சின்னவள் எடுத்துச் சொன்னபோதும், "பூட்டறது ஒரு குத்தமா? கிடங்குக்குப் பூட்டுப் போடற மனுஷன். பாதுகாப்புக்குத்தான் பூட்டறாரு" என்றார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. அக்காவின் துணிகளை ஆஸ்பத்திரிப் போர்வைகளைப் போல ஓரம் பிசகாமல் மடித்துப் பையில் வைத்தாள். வைக்கும்போதே அழுதாள், ஆனால் வைத்தாள்.

"அம்மா போன்னு சொன்னா போறேன்" என்றாள் அக்கா சுவரைப் பார்த்தபடி. "இன்னொரு தடவை ஓட எனக்குத் தெம்பு இல்ல."

சின்னவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாயிற்று. அம்மா சொன்னால் அக்கா போவாள். மாமா சொன்னால் அம்மா சொல்வாள். மாமா சொல்வதை அம்மா நம்புவதற்குக் காரணம் அந்தப் பக்கம்.

சனிக்கிழமை டீம் லீடரின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்த ரூட்ல ஃப்ளைட்டே கிடையாது. கிடையாதுன்னு ஒரு வரி சேர்த்துடறேன்."

டீம் லீடர் நல்ல மனுஷர்தான். குரலை உயர்த்த மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். "நம்ம பக்கங்கள்ல பாதிக்கு மேல ஃப்ளைட் கிடையாதும்மா. ஃப்ளைட் இருக்குன்னு நாம எங்க சொன்னோம்? பறந்தா இவ்வளவு நேரம்னுதான் சொன்னோம்."

"யாரு சார் பறந்தா?"

"இல்லைன்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டா, படிக்கறவன் அடுத்த சைட்டுக்குப் போயிடுவான்."

"போறதில்ல சார். படிச்சுட்டுப் பொண்ணைக் கட்டிக் குடுத்துடறாங்க."

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க அவளுக்கும் பொறுமை இல்லை. "அதைத் தொடாதே, நல்லா ஓடற பக்கம்" என்று அவர் சாப்பிடப் போனார். சின்னவள் தன் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இருந்த நாலு பத்தியையும் அழித்தாள். வேலை போகும் என்று தெரியும். வீட்டு வாடகையில் பாதி இந்தக் கை கொடுப்பது என்பதும் தெரியும். தெரிந்தேதான் எழுதினாள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக ஒரு பக்கத்தை யோசித்து எழுதினாள். வெளியிடுகிற பட்டனை அழுத்திவிட்டு, டீ குடிக்கக்கூட நிற்காமல் இறங்கி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா வந்தார். கசங்கிய சட்டை, வீங்கிய கண், இடுப்பைப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை, சண்டை நடக்காமல் திரும்பிப் போனால் போதும் என்று வந்தவர் மாதிரி இருந்தார். மாமா ஜன்னலோரத்து நல்ல நாற்காலியில் இருந்தார். அம்மா கட்டிலில். அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில், பை அவள் காலடியில்.

சித்தப்பா டீயை ஊதிக் குடித்தார். "புருஷன் பொஞ்சாதின்னா நாலும் இருக்கும். பையன் கொஞ்சம் முன்கோபி. நான் சொல்லி வைக்கறேன்."

"அதான், பெரியவங்க நீங்க இருக்கீங்களே" என்றார் மாமா. "என் தங்கச்சி கொஞ்சம் பயப்படறா, அவ்வளவுதான். நாம என்ன கண்காணாத தேசத்துக்கா அனுப்பறோம்? கூப்பிட்டா வந்து நிக்கப் போறோம்."

"மாமா" என்றாள் சின்னவள் கதவோரத்தில் நின்றபடி. "அந்தத் தூரத்தை அம்மாவுக்கு இன்னொரு தடவை காட்டுங்களேன். அம்மாவுக்குத் தைரியம் வரும்."

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். இந்த வீட்டில் தன்னை மதிக்காத ஒரே ஆள் இவள்தான் என்று அவருக்குத் தெரியும். "பாருங்க சம்பந்தி, எங்க கிலோமீட்டருக்கே புத்தி வந்துடுச்சு" என்று சிரித்தார். அவளுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் அது. போனில் ஊர்ப் பெயர்களைத் தட்டினார், பக்கம் வந்ததும் சரிபார்க்கக்கூட இல்லை. "கண்ணாடி எடுத்துட்டு வரல. நீயே சத்தமா படிம்மா, எல்லாரும் கேக்கட்டும்."

அம்மா போனை இரண்டு கையாலும் வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேர்கோட்டுத் தூரம் எழுநூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணி இருபது நிமிடம் என்று இதே பக்கத்தில் நாலு வருடமாக இருந்தது."

"பார்த்தியா" என்றார் மாமா.

"அது வெறும் கணக்கு. இந்த வழியில் விமானம் கிடையாது. இதற்கு முன்னும் இருந்ததில்லை." அம்மாவின் குரல் இறங்கியது. ஆனால் வாசிப்பதை நிறுத்தவில்லை. "ரயிலில் போனால் இரண்டு ராத்திரி ஆகும், நடுவில் ஓர் இடத்தில் இறங்கி மாற வேண்டும். அந்த ஊரில் உங்கள் பெண் காய்ச்சலில் கிடந்து கூப்பிட்டால் அன்றைக்கே ரயில் ஏறுங்கள். கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எதில் என்று கேளுங்கள்."

மாமா எழுந்து வந்து அம்மா கையிலிருந்த போனைப் பிடுங்கினார். கையை நீட்டித் தூரத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"இது உன் வேலைதானே? நீ எழுதினதுதானே இது?"

"ஆமா மாமா. நான்தான் எழுதினேன். முன்னாடி இருந்ததும் எங்க ஆபீஸ்ல எழுதினதுதான். அதை நம்பினீங்க இல்ல? இதையும் நம்புங்க."

"திமிரு. அக்கா வாழ்க்கையைக் கெடுக்கறதுக்குப் பொய் எழுதி வச்சிருக்கா. நேத்துப் பொறந்தது சொல்றதை நம்பப் போறியா, இல்ல நான் சொல்றதையா?"

அம்மா அண்ணனைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

"நீங்க எப்படி வந்தீங்க?"

சித்தப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ரயில்லதாம்மா. முந்தாநாள் சாயங்காலம் ஏறினேன். பாதி வழியில இறங்கி நாலு மணி நேரம் பிளாட்பாரத்துல கிடந்தேன். முதுகு போச்சு."

"ஏன், ஃப்ளைட்ல வந்திருக்கலாமே?"

"அங்கேருந்து இங்க ஏதும்மா ஃப்ளைட்டு?" என்றார் அவர், இது என்ன கேள்வி என்பது போல. பிறகுதான் எங்கே காலை வைத்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. மாமாவைப் பார்த்துவிட்டு மறுபடி டம்ளரை எடுத்துக்கொண்டார். அதில் டீ இல்லை.

அம்மா எழுந்து நின்றாள். அவள் அண்ணன் முன்னால் அப்படி நிமிர்ந்து நின்று சின்னவள் பார்த்ததில்லை.

"அவ காய்ச்சல்ல கூப்பிட்டப்ப சீட் இல்லன்னு சொன்னீங்களே அண்ணா."

"சீட் இல்லன்னா என்ன, ஃப்ளைட் இல்லன்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானேம்மா. உன்னைப் பதற வைக்க வேணாம்னு சொன்னேன்."

"ஒண்ணு இல்லண்ணா. சீட் இல்லன்னு சொன்னதால நாளைக்குக் கிடைக்கும், நாளைக்குக் கிடைக்கும்னு அஞ்சு நாள் காத்துக்கிட்டிருந்தேன். ஃப்ளைட் இல்லன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே ரயில் ஏறியிருப்பேன். மூணாம் நாள் எம் பொண்ணு தலைமாட்டுல இருந்திருப்பேன்."

அம்மா குனிந்து அக்காவின் காலடியில் இருந்த பையை எடுத்தாள். ஜிப்பைத் திறந்து, மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். அவள் மடிக்காமல் துணியைப் போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"இனிமே இந்த வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்றார் மாமா.

"நீங்க ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கீங்க. நடந்து வர்ற தூரம்தான். வரணும்னு தோணினா வாங்க" என்றாள் அம்மா, கை வேலையை நிறுத்தாமல்.

மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சின்னவளின் போன் அடித்தது. டீம் லீடர். ஞாயிற்றுக்கிழமையும் அவர் குரல் உயரவில்லை. அந்தப் பக்கத்தில் கை வைத்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார். படிச்சீங்களா? அதுல ஏதாவது ஒரு வரி தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்தித் தரேன்."

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அவர் போனை வைத்தார். அடுத்த மாத வாடகை கண் முன்னால் வந்து நின்றது. வந்ததை அப்படியே நிற்க விட்டுவிட்டு உள்ளே திரும்பினாள்.

உள்ளே சித்தப்பா மாப்பிள்ளைக்குப் போன் போட்டிருந்தார். தானாக எதையும் முடிவு செய்ய அவருக்குத் தைரியம் இல்லை. போனிலிருந்து மாப்பிள்ளையின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவளிடம் கொடு, அவளிடம் கொடு என்றது. சித்தப்பா தயங்கித் தயங்கி போனை நீட்டினார். சின்னவள் தடுக்கப் போனாள். அக்கா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

அக்கா கட்டிலிலிருந்து எழுந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அவன் சொன்னதையெல்லாம் கடைசி வரை கேட்டாள். நாளைக்கே வந்து இழுத்துக்கொண்டு போகிறேன் என்று அவன் கத்தியது கதவோரம் நின்ற மாமாவுக்கும் கேட்டிருக்கும்.

"நாளைக்கு வர முடியாதுங்க. ரெண்டு ராத்திரி ஆகும்" என்றாள் அக்கா. "கையில பணம் இல்லாம, கால்ல செருப்பு இல்லாம நான் அந்தத் தூரம் வந்தேன். திரும்பிப் போறதுக்காக வரல."

போனை அணைத்து சித்தப்பாவிடம் கொடுத்தாள். அவருடைய ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.